நாயும் நோயும் முதுமையும்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, சந்தைக்குப் போன அப்பா துண்டில் சுற்றிக் கொண்டுவந்த குட்டி அது. இன்ன இனம் என்று பெயர் சொல்ல முடியாத செம்பட்டை நிற நாட்டு நாய். பள்ளிக்கூடம் போன நாட்களில் பள்ளி வாசல் வரையிலும், கல்லூரிக்கு வரத் தொடங்கிய பின் பேருந்து நிறுத்தம் வரையிலும் என்னோடு நடந்து வந்து, பேருந்து கிளம்பிய பிறகே வீடு திரும்பும்.

சென்ற ஆண்டு கார்த்திகையில் மணியின் கண்களைச் சுற்றி முடி உதிர்ந்தது. பிறகு மூக்கின் மேலும் முன்னங்கால்களிலும் சொறி படர்ந்தது. அப்பத்தா வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினார். "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார். விலங்கியல் படிக்கும் நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். "வயதாகிவிட்டது" என்ற ஒரு சொல்லின் பின்னால் எவ்வளவு அறியாமையை நாம் ஒளித்து வைத்து விடுகிறோம் என்பதை இரண்டு மாதம் கழித்துத்தான் உணர்ந்தேன். அந்த உணர்விலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டிய கையோடு மணியையும் குளிப்பாட்டினேன். தாடைக்கு அடியில் இரு புறமும் எலுமிச்சம்பழம் அளவுக்கு இரண்டு கட்டிகள் கைக்குத் தட்டுப்பட்டன. தோள்பட்டைக்கு முன்பாக இரண்டு. பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் இரண்டு. அழுத்திப் பார்த்தால் மணிக்கு வலிக்கவில்லை. வாலைத்தான் ஆட்டியது. எனக்கோ கை நடுங்கியது. அவையெல்லாம் நிணநீர்க் கணுக்கள் இருக்கும் இடங்கள் என்பது இரண்டாம் ஆண்டுப் பாடத்திலேயே படித்த செய்தி.

உடலின் காவற்படை

மணிக்கு வந்தது என்னவென்று சொல்வதற்கு முன், உடல் தன்னைத்தானே எவ்வாறு காத்துக்கொள்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்வது நலம். பிற துறை நண்பர்களுக்கு இது பயன்படும்.

நாயின் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டரில் ஏறக்குறைய 6,000 முதல் 17,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. இவற்றை இரண்டு பிரிவாகக் கொள்ளலாம். முதற்பிரிவு ஊர்க்காவல் போன்றது. வந்தவன் யார் என்று விசாரிக்காமல், அந்நியன் என்று கண்டவுடனே பாய்ந்து விழுங்கிவிடும். நியூட்ரோபில்களும் மேக்ரோபேஜ்களும் இவ்வகையின. இயற்கைக் கொல்லி அணுக்கள் எனப்படுபவையும் இப்பிரிவைச் சேர்ந்தவையே.

இரண்டாம் பிரிவு பயிற்சி பெற்ற படை. இதில் டி அணுக்கள், பி அணுக்கள் என இரு வகை உண்டு. பி அணுக்கள் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. டி அணுக்களில் ஒரு சாரார் மற்ற அணுக்களுக்கு உதவியாளராக இருந்து கட்டளையிடுவர். மற்றொரு சாரார் நோயுற்ற உயிரணுக்களை நேராகச் சென்று கொல்வர். இன்னுமொரு சாரார் போர் முடிந்ததும் படையை அடக்கி வைக்கும் கட்டுப்பாட்டாளர். இந்தக் கட்டுப்பாட்டாளரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இவர்கள் வேறொரு வேடத்தில் வருவார்கள்.

டி அணுக்கள் எலும்பு மச்சையில் பிறந்து, மார்புக்குள் இதயத்திற்கு முன்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் வளர்கின்றன. தைமஸின் பணி என்னவென்று நெடுங்காலம் எவரும் அறியவில்லை. 1961ஆம் ஆண்டில் ஜாக் மில்லர் என்பவர், பிறந்தவுடன் தைமஸ் அகற்றப்பட்ட எலிகள் நோய்களை எதிர்க்க இயலாமல் நலிந்து போவதைக் கண்டறிந்தார். தைமஸ் ஒரு பள்ளிக்கூடம். தன் உடல் எது, அயலது எது என்பதை டி அணுக்கள் அங்கேதான் கற்கின்றன. கற்கத் தவறியவை அங்கேயே அழிக்கப்படுகின்றன.

ஒருமுறை ஒரு பகைவனைச் சந்தித்த டி, பி அணுக்களில் சில நினைவணுக்களாக நெடுங்காலம் தங்கிவிடும். தடுப்பூசியின் தத்துவம் இதுவே.

முதுமை செய்வது என்ன?

பள்ளிக்கூடம் என்றேன். அந்தப் பள்ளிக்கூடம் மிகச் சீக்கிரமாகவே மூடப்படத் தொடங்குகிறது. நாய் பருவமடையும் காலத்திலிருந்தே தைமஸ் சுருங்கி, அதன் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. அதாவது பால் பற்கள் விழுந்து முடியும் வயதிலேயே தேய்வு தொடங்கிவிடுகிறது. ஆகவே வயது கூடக் கூடப் புதிய டி அணுக்களின் வரவு குறைகிறது. பழைய நினைவணுக்களின் விகிதம் கூடுகிறது. உதவி செய்யும் டி அணுக்களின் பங்கு குறைந்து கொல்லும் டி அணுக்களின் பங்கு உயர்கிறது. இரத்தத்திலிருந்து அணுக்களை எடுத்துச் சோதனைக்குழாயில் தூண்டினால், இளநாயின் அணுக்கள் பெருகும் வேகத்தில் முதுநாயின் அணுக்கள் பெருகுவதில்லை.

இதன் பொருள் என்ன? இதை விளங்கிக்கொள்ள எனக்கு எங்கள் அப்பத்தாவே உதவினார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. தம் திருமணத்திற்கு யார் யார் எத்தனை ரூபாய் மொய் எழுதினார்கள் என்று இன்றும் சொல்வார். காலையில் கண்ணாடியை எங்கே வைத்தார் என்பது மட்டும் தெரியாது. முதிய நாயின் எதிர்ப்பாற்றலும் ஏறத்தாழ இதைப் போன்றதே. பழைய பகைவரை அது மறப்பதில்லை. இளமையில் ஒழுங்காகத் தடுப்பூசி பெற்ற நாய்களின் இரத்தத்தில் டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய நோய்களுக்கான எதிர்ப்பொருள்கள் முதுமையிலும் நிலைத்திருக்கின்றன. வெறிநோய்த் தடுப்பூசியை மறுமுறை போட்டால் முதிய நாயும் நன்றாகவே எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. ஆனால் முன்பின் அறியாத ஒரு புதிய பகை வந்தால் அதைக் கற்றுக்கொள்வதில் தாமதம் ஏற்படுகிறது.

இங்கு என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் போட்டுவந்த வெறிநோய்த் தடுப்பூசியை மணிக்குக் கடைசி இரண்டு ஆண்டுகள் நாங்கள் போடவில்லை. கிழட்டு நாய்க்கு ஊசி எதற்கு என்ற எண்ணம். அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையது. கிழட்டு நாய்க்கு அந்த ஊசி வீண் என்பது அறிவியலுக்கு முற்றிலும் முரணானது என்பதை மேற்கூறிய செய்தியிலிருந்தே அறியலாம். நல்லவேளையாக விபரீதம் எதுவும் நேரவில்லை. நேரவில்லை என்பது எங்கள் அறிவின் பயன் அன்று, அதிர்ஷ்டமே.

முதுமையின் மற்றொரு விளைவையும் கூற வேண்டும். மூப்படைந்த உயிரணுக்கள் சில, பிரிவதை நிறுத்திவிட்ட பின்னும் சாகாமல் இருந்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். வெளியே தெரியாமல் நீறுபூத்த நெருப்பைப் போல இது உடலெங்கும் கனன்றுகொண்டிருக்கும். இதன் புகைச்சலில், உண்மையாகவே தீப்பற்றும்போது காவலர் விழித்துக்கொள்வது கடினமாகிறது.

ஆனால் எல்லா நாய்களும் ஒரே வேகத்தில் மூப்பதில்லை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுதும் கவனித்தார்கள். முடிவு 2002இல் வெளியாயிற்று. அளவோடு உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13.0 ஆண்டுகள், மற்றவற்றிற்கு 11.2. அதுமட்டுமன்று. அளவோடு உண்ட நாய்களின் இரத்தத்தில் டி அணுக்களின் தேய்வும் பிந்தியே வந்தது.

உள்ளிருந்து எழும் பகை

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். பத்து வயதைக் கடந்த நாய்களில் ஏறக்குறையப் பாதிக்குப் புற்றுநோய் வரும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் கூறுகிறது. உயிரணு பிரியும்போதெல்லாம் அதன் மரபுச் செய்தியில் பிழைகள் நேர்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிழைகள் சேர்கின்றன. கட்டுப்பாடின்றிப் பெருகக் கற்றுக்கொண்ட ஓர் உயிரணுவே புற்றுநோயின் வித்து.

எதிர்ப்பாற்றல் இத்தகைய வித்துக்களை அன்றாடம் தேடி அழித்து வருகிறது என்ற கருத்தை 1950களில் முன்வைத்தவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட். 1960இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். அவர் கருத்தின்படி பார்த்தால், முதுமை இரண்டு வழிகளில் புற்றுநோய்க்குத் துணை போகிறது. ஒரு பக்கம் திருடர்களின் எண்ணிக்கை கூடுகிறது. மறுபக்கம் காவலரின் பார்வை மங்குகிறது.

ஆயினும் புற்றுநோய் காவலர் தளர்வதற்காகக் கைகட்டிக் காத்திருப்பதில்லை. அதுவே காவலரைத் தளர்த்தும் வேலையிலும் இறங்குகிறது. முன்னர்க் கூறிய கட்டுப்பாட்டு டி அணுக்களை அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. புற்றுநோயுற்ற நாய்களின் இரத்தத்தில் இவ்வணுக்கள் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. போர் நடந்துகொண்டிருக்கும்போதே "போர் முடிந்தது, படை கலையலாம்" என்று அறிவிப்பவரைப் போல அவை நடந்துகொள்கின்றன. மேலும், டி அணுவின் மேல் உள்ள ஒரு தடைப் பொத்தானை அழுத்தும் புரதத்தைப் புற்றணுக்கள் தம் மேற்பரப்பில் ஏந்திக்கொள்கின்றன. இந்தத் தடைப் பொத்தான்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே ஆலிசன், ஹோன்ஜோ இருவரும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். நாயின் புற்றுக்கட்டிகள் பலவற்றிலும் அதே புரதம் காணப்பட்டிருக்கிறது. அழுத்திய பொத்தானை விடுவிக்கும் மருந்தை ஜப்பானில் நாய்களுக்குக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள்.

மணிக்கு வந்தது இவற்றினும் கொடியது. அதன் பெயர் லிம்போமா. இதில் பகைவன் வேறெங்கிருந்தும் வருவதில்லை. காவற்படையைச் சேர்ந்த டி அணுவோ பி அணுவோ தானே புற்றணுவாக மாறிவிடுகிறது. படைவீரனே கொள்ளையனாகி, படைமுகாமாகிய நிணநீர்க் கணுக்களையே கைப்பற்றிக்கொண்டால் ஊர் என்னாகும்? கணுக்கள் வீங்குகின்றன, ஆனால் அவற்றுள் உண்மையான வீரர்கள் இல்லை. நோய் எலும்பு மச்சைக்கும் பரவினால் புதிய வெள்ளணுக்கள் பிறப்பதற்கே இடமில்லாமல் போகிறது.

சொறி சொன்ன செய்தி

எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் ஓர் அம்மையார். மணியின் கணுக்களைத் தொட்டுப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. எனினும் உடனே எதையும் சொல்லிவிடவில்லை. உண்ணிக் காய்ச்சலிலும் கணுக்கள் வீங்கும் என்பதால் இரத்தம் எடுத்தார். முட்டிக்குப் பின்னால் இருந்த கணுவில் ஊசியைச் செலுத்தி, உறிஞ்சி வந்ததைக் கண்ணாடித் தகடுகளில் பரப்பினார். முகத்துச் சொறியையும் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். சுருட்டைப் போல நீண்ட உடலும் முன்பக்கத்தில் குட்டைக் கால்களும் கொண்ட சிற்றுயிர்கள் அசைந்துகொண்டிருந்தன. டெமோடெக்ஸ் என்னும் பேன்சிலந்தி வகை.

"இது எப்ப வந்துச்சுன்னு நினைக்கிற?" என்று கேட்டார்.

"கார்த்திகையில, டாக்டரம்மா."

"இல்லம்மா. அது பிறந்த மூணு நாளைக்குள்ள வந்தது. பால் குடிக்கும்போது தாய்கிட்ட இருந்து ஒட்டிக்கிட்டது. இத்தனை வருசமா அதோட உடம்பு இதை அடக்கி வச்சிருந்துச்சு. கார்த்திகையில அடக்க முடியாமப் போச்சு. அவ்வளவுதான்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஏறக்குறைய எல்லா நாய்களின் தோலிலும் சிறிதளவு வாழும் இவ்வுயிர்கள், எதிர்ப்பாற்றல் சரியாக இருக்கும்வரை தொல்லை தருவதில்லை. இளமையில் ஒருமுறையும் வராத சொறி, முதிய நாய்க்குத் திடீரென இவற்றால் வந்தால், தோலுக்கு மட்டும் மருந்து தேடக் கூடாது. காவலரைத் தளர்த்தியது எது என்று உள்ளே தேட வேண்டும். சுரப்பிக் கோளாறாக இருக்கலாம், நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மருந்தாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். மணியின் முகம் இரண்டு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் மேல் மஞ்சளைத் தடவிக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மா கூடுதலாக எடுத்த தகடு ஒன்றை எனக்குத் தந்தார். அதைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து, எங்கள் துறைப் பேராசிரியரின் உதவியோடு லீஷ்மன் சாயம் ஏற்றிப் பார்த்தேன். நலமான கணுவில் சிறிய நிணநீரணுக்களே பெரும்பான்மையாக இருக்கும். இடையிடையே பலவகை அணுக்கள் கலந்திருக்கும். ஒரு சந்தையைப் போல என்று சொல்லலாம். மணியின் தகட்டிலோ எங்கு நோக்கினும் ஒரே அச்சில் வார்த்த பெரிய உருண்டை அணுக்கள். பேராசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாடமா பார்த்தா அருமையான ஸ்லைடும்மா" என்றார். பிறகு தகட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போயிட்டு வா" என்றார். அன்று பிற்பகல் வகுப்பிற்கு நான் இருக்கவில்லை.

சாகாத கட்டியும் நித்தியகல்யாணியும்

நாங்கள் மருந்தகத்திற்குச் சென்ற நாட்களில் அங்கே செவலை என்றொரு தெருநாயும் வந்துகொண்டிருந்தது. வயது மூன்றிருக்கும். தேநீர்க் கடைக்காரர் ஒருவர் அதைத் தம் சைக்கிளின் பின்னால் கூடையில் வைத்து அழைத்து வருவார். அதற்கும் புற்றுநோயே, ஆனால் வேறு வகை. அதன் வரலாறு விலங்கியல் உலகின் விந்தைகளுள் ஒன்று.

இந்தக் கட்டி, இனச்சேர்க்கையின்போதும், நக்குவதாலும் முகர்வதாலும், ஒரு நாயிடமிருந்து மற்றொரு நாய்க்கு உயிருள்ள புற்றணுக்களாகவே தொற்றுகிறது. 1876இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி இக்கட்டியை நாய்க்கு நாய் மாற்றி வளர்த்துக் காட்டினார். 2006இல் மரபணு ஆய்வு ஓர் உண்மையை உறுதிப்படுத்தியது. உலகெங்கும் நாய்களில் காணப்படும் இவ்வகைக் கட்டிகள் அனைத்தும் என்றோ வாழ்ந்து மடிந்த ஒரே ஒரு நாயின் உயிரணுக்களின் வழித்தோன்றல்கள்! நாயின் இயல்பான குரோமோசோம்கள் 78; இக்கட்டியின் அணுக்களிலோ 57 முதல் 59 வரையே. அந்த முதல் நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்திருக்கக்கூடும் என்று 2019இல் வெளியான ஆய்வு கணிக்கிறது. நாய் மாண்டது, அதன் கட்டி மாளவில்லை.

அயல் நாயின் அணுவை உடல் ஏன் விரட்டவில்லை? ஒவ்வோர் உயிரணுவும் தன் மேற்பரப்பில் ஓர் அடையாளச் சீட்டைத் தாங்கியிருக்கும். டி அணுக்கள் அதைப் படித்தே தன்னவரா அயலாரா என்று முடிவு செய்கின்றன. இந்தக் கட்டியின் அணுக்கள் அச்சீட்டைப் பெரும்பாலும் மறைத்துக்கொள்கின்றன. காவலரை மயக்கும் ஒரு பொருளையும் சுரக்கின்றன. ஆனால் எதிர்ப்பாற்றல் வலுவாக உள்ள நாயில், கட்டிக்குள் புகும் வெள்ளணுக்கள் அந்த மயக்கப் பொருளை முறிக்கும் மாற்றுப் பொருளைச் சுரக்கின்றன. உடனே அடையாளச் சீட்டு மீண்டும் வெளிப்படுகிறது. கட்டி தானாகவே கரைந்துபோவதும் உண்டு. எதிர்ப்பாற்றல் இன்னும் முதிராத குட்டிகளிலும், நலிந்த நாய்களிலும் மட்டும் இக்கட்டி உடலெங்கும் பரவ வழியுண்டு. ஒரே நோய், நாயின் வயதையும் வலிமையையும் பொறுத்து வெவ்வேறு முடிவு காண்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கான மருந்து வின்கிறிஸ்டின். வாரம் ஒருமுறை இரத்தக்குழாயில் செலுத்துவார்கள். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு ஊசிகளில் கட்டி மறைகிறது. இம்மருந்து கிடைப்பது நம் வீட்டு முற்றங்களிலும் இடுகாட்டு ஓரங்களிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து! மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி நம் தென்மாவட்டங்களில் மருந்துக்காகவே பயிரிடப்படுகிறது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலைகள் வேண்டும். (இலையை அரைத்துக் கொடுத்தால் போதும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அது நஞ்சு.)

வின்கிறிஸ்டின் பிரியும் உயிரணுக்களைத் தடுக்கிறது. புற்றணுக்கள் விரைந்து பிரிபவை. ஆனால் எலும்பு மச்சையில் பிறக்கும் வெள்ளணுக்களும் விரைந்து பிரிபவையே. ஆகையால் ஒவ்வோர் ஊசிக்கு முன்பும் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். வெள்ளணுக்கள் 4,000க்குக் கீழே இறங்கினால் ஊசியைத் தள்ளிப் போடுகிறார்கள். வேலிக்குள் புகுந்த களையைப் பிடுங்கும்போது பயிரையும் கொஞ்சம் இழக்க வேண்டியிருக்கிறது. இளநாய் அந்த இழப்பை விரைவில் ஈடுசெய்துகொள்ளும். வயது கூடிய நாய்களில் இக்கட்டி கரைவதற்கு அதிக வாரங்கள் ஆகின்றன என்று 2010இல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்று கூறுகிறது. மருந்து மட்டும் தனியாக நின்று வெல்வதில்லை. உடலும் கூட நின்று போரிட வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

செவலைக்கு ஐந்து ஊசிகள் போட்டார்கள். ஐந்தாவது வாரம் அது கூடையிலிருந்து தானே குதித்து ஓடியது.

நாங்கள் எடுத்த முடிவு

மணியின் லிம்போமாவுக்கும் வின்கிறிஸ்டின் உண்டு. ஆனால் அது தனியாக அன்று. சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், பிரெட்னிசோலோன் ஆகியவற்றோடு சேர்த்து, மாதக்கணக்கில் வாரந்தோறும் கொடுக்க வேண்டும். டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. மருந்தே கொடுக்காவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம். பிரெட்னிசோலோன் மாத்திரை மட்டும் கொடுத்தால் ஒன்றிரண்டு மாதம். கூட்டு மருந்து கொடுத்தால் நூற்றுக்கு எண்பது நாய்களுக்கு மேல் வீக்கம் வடியும். ஏறக்குறைய ஓராண்டு கிடைக்கலாம். முற்றாகக் குணமாவது அரிது. கூட்டு மருந்துக்குப் பெருநகரத்திற்குத்தான் போக வேண்டும்.

"ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க," என்றார். "மாத்திரைய முதல்ல ஆரம்பிச்சுட்டா, அப்புறம் மனசு மாறிக் கூட்டு மருந்துக்குப் போனாலும் அது அவ்வளவா கேக்காது. இப்பவே யோசிச்சுச் சொல்லுங்க."

அன்றிரவு வீட்டில் எவரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அப்பாவிடம் வாதாடினேன். என் கல்வி உதவித்தொகை வரும், அதைத் தருகிறேன் என்றேன். அப்பா கோபிக்கவில்லை. "காசு மட்டும் இல்லம்மா. வாராவாரம் பஸ்ல வேன்ல கட்டித் தூக்கிட்டுப் போயி ஊசி குத்தணும். அது நம்ம வாசல விட்டு எங்கயும் போனதில்ல. அதுக்கு எதுக்குன்னு புரியுமா?" என்றார். அப்பத்தா மட்டும், "அது வாயால கேட்டா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மாத்திரை என்றே முடிவாயிற்று. பிரெட்னிசோலோன் லிம்போமாவின் அணுக்களைக் கொல்லும். அதேபோது மிச்சமிருக்கும் நல்ல எதிர்ப்பாற்றலையும் அடக்கும். அதனால் சொறி மேலும் பெருகாமலிருக்க, உண்ணிக்காகக் கொடுக்கப்படும் புதுவகை மாத்திரை ஒன்றையும் டாக்டரம்மா சேர்த்துத் தந்தார். ஒரே வாரத்தில் கட்டிகள் வடிந்தன. கண்ணைச் சுற்றி மெல்ல முடி முளைத்தது. மணி மறுபடியும் பேருந்து நிறுத்தம் வரை வந்தது. ஏழு வாரம் அப்படியே சென்றது. பங்குனியில் ஒரு நாள் பாதி வழியிலேயே உட்கார்ந்துகொண்டது. அதற்கடுத்த வாரம் இறந்தது. தென்னந்தோப்பில் புதைத்தோம்.

நாங்கள் எடுத்த முடிவு சரியா என்று இன்றும் என்னால் சொல்ல இயலவில்லை. நகரத்திற்கு அழைத்துச் சென்றவரையும் நான் குறை கூற மாட்டேன். எங்களைப் போல முடிவெடுத்தவரையும் குறை கூற மாட்டேன். ஆனால் அந்த முடிவை எடுப்பதற்கு எங்களுக்கு ஒரே ஓர் இரவுதான் இருந்தது. கார்த்திகையிலேயே சென்றிருந்தால் யோசிக்க நாட்கள் இருந்திருக்கும். மணியிடமும் இன்னும் சிறிது வலு இருந்திருக்கும். நான் இழந்தது அதைத்தான்.

நாம் செய்யக்கூடியவை

நம்மில் பலர் வீட்டில் நாய் வளர்க்கிறோம். ஆகவே நான் கற்ற சிலவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன்.

ஏழெட்டு வயதைக் கடந்த நாயை மாதம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். தாடையின் அடி, தோளின் முன்புறம், முட்டியின் பின்புறம் ஆகிய மூன்று இடங்களும் முக்கியம். வலியில்லாத கட்டி என்பதால் அலட்சியம் வேண்டாம். வலித்தால் நாயே காட்டியிருக்கும்; வலியில்லாததை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதுமையில் புதிதாக வரும் சொறி, ஆறாத புண், அடிக்கடி வரும் காய்ச்சல், காரணமில்லாத மெலிவு ஆகியவற்றை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசியை எந்த வயதிலும் நிறுத்தாதீர்கள். அது நாயை மட்டுமன்று, வீட்டில் உள்ள குழந்தைகளையும் காக்கிறது.

மிஞ்சியதையெல்லாம் நாய்க்குக் கொட்டி அதைக் கொழுக்க வைப்பது அன்பாகாது. அளவான உணவு ஆயுளையும் எதிர்ப்பாற்றலையும் நீட்டுகிறது.

மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு மருந்துகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அரிப்பு அடங்கும், அதோடு காவலரும் அடங்குவர்.

முடிவாக

எதிர்ப்பாற்றல் என்பது பாடநூலில் ஒரு தனி அதிகாரமாக இருக்கிறது. முதுமை வேறோர் அதிகாரம். புற்றுநோய் மற்றுமோர் அதிகாரம். தேர்வுக்குப் படிக்கும்போது அவற்றைத் தனித்தனியாகவே படித்தேன். ஓர் உயிரின் உடலில் அவை மூன்றும் ஒரே கதையாக இருப்பதை மணியிடம்தான் படித்தேன். முதுமை காவலைத் தளர்த்துகிறது. தளர்ந்த இடத்தில் புற்று தலைதூக்குகிறது. தலைதூக்கிய புற்று எஞ்சிய காவலையும் கலைக்கிறது. அதற்குக் கொடுக்கும் மருந்தும் காவலின் மேல்தான் கைவைக்கிறது. இந்த வட்டத்தை எங்கே வெட்டுவது என்பதே இன்றைய மருத்துவத்தின் கேள்வி. நாய்களின் வாய்ப்புற்றான மெலனோமாவுக்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் தடுப்பூசி ஒன்று 2007இல் அமெரிக்காவில் நிபந்தனையோடும் 2010இல் முழுமையாகவும் அனுமதி பெற்றது. நம்மோடு ஒரே வீட்டில், ஒரே காற்றை உண்டு, நம்மைப் போலவே மூத்து, நம்மைப் போலவே நோயுறும் நாய்களிடம் கற்பது நாளை மனிதருக்கும் பயன்படும்.

அந்தக் கண்ணாடித் தகடு இப்போது எங்கள் துறை ஆய்வகத்தின் தகட்டுப் பெட்டியில் இருக்கிறது. வருகின்ற ஆண்டில் இரத்த அணுக்கள் பாடம் படிக்கும் தம்பி தங்கையர் அதைப் பார்ப்பார்கள். ஒட்டியுள்ள சீட்டில் "நாய், நிணநீர்க் கணு, லிம்போமா" என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். மற்றது இக்கட்டுரையில் உள்ளது.